நம் கணக்கு நம் கைக்கு வர வேண்டும்!

(மில் தொழிலாளர் வாசகசாலை ஒன்றில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதும் தொழிலாளி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச வேண்டும் என்று வாசகசாலைத் தோழர்கள் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தயக்கமாகவே இருந்தது. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பகல் முழுவதும் நாற்று நட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் முன்னால் நின்றுகொண்டு யந்திரத்தின் பெருமையை அளந்தால் யாருக்கு என்ன பயன்? ஆகவே பெருமை பேசப் போவதில்லை. ஒரு கணக்குப் புத்தகத்தின் கதையைச் சொல்லப் போகிறேன். புத்தகம் தொழிலாளிகளுடையது, சாவி மட்டும் வேறொருவர் கையில் இருந்தது. அதை எப்படி வெளியே எடுத்தோம், எடுத்தபோது உள்ளே என்ன கிடைத்தது, இனி நாம் செய்ய வேண்டியது என்ன? இதுதான் இன்றைய விஷயம்.

கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவர் கை ஓங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பண்ணையாள் வாங்கிய கடன் மிராசுதாரின் கணக்குப்பிள்ளை நோட்டில்தான் இருந்தது. வாங்கியது இரண்டு கலம் நெல்லா, நாலு கலமா என்று அந்த நோட்டுதான் சொல்லும். நோட்டைப் புரட்டிப் பார்க்கப் பண்ணையாளுக்கு உரிமை கிடையாது. புரட்டினாலும் படிக்கத் தெரியாது. இன்று நமக்குப் படிக்கத் தெரியும். ஆனால் நோட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

சங்கத்துக்கு வந்த கடிதம்

கோவைப் பக்கத்தில் ஒரு மில் தொழிலாளர் சிக்கன நாணயச் சங்கம். 640 உறுப்பினர்கள். மாதச் சம்பளத்தில் பிடித்த சிக்கன சேமிப்பு, பங்குத் தொகை, கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாங்கிய கடன், அதற்கு ஜாமீன் நின்றவர்கள், எல்லாம் முன்பு பேரேட்டில் இருந்தன. 2016-ல் ஒரு கம்பெனி வந்தது. “எதற்கு இத்தனை பேரேடு? எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் ஏற்றிவிடுங்கள். எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். வருஷத்துக்கு 18,000 ரூபாய்தான்” என்றது. நிர்வாகக் குழு சம்மதித்தது. அதில் தவறில்லை, வேலை சுலபமாயிற்று.

ஒரு வித்தியாசத்தை மட்டும் யாரும் அப்போது கவனிக்கவில்லை. முன்பெல்லாம் கணக்கு புரோகிராம் ஒன்றை வாங்கினால் அது ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். விற்ற கம்பெனி திவாலானாலும் பைல் நம் பீரோவுக்குள் இருக்கும். இந்தப் புது ஏற்பாட்டில் புரோகிராமும் நம்முடையதல்ல, கணக்கு இருக்கும் இடமும் நம்முடையதல்ல. இரண்டும் எங்கோ இருக்கும் கம்பெனியின் சர்வரில். நாம் பார்ப்பது ஜன்னல் வழியாகத்தான். வாடகை கட்டும் வரை ஜன்னல் திறந்திருக்கும்.

சில வருஷங்களில் அந்தக் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது. மார்ச் மாதம் முதல் வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆண்டுக் கட்டணம் இனி 54,000 ரூபாய். சம்மதமில்லையென்றால் மார்ச் 31-ஆம் தேதியோடு கதவு சாத்தப்படும். சரி, நாங்கள் வேறிடம் போகிறோம், கணக்கைக் கொடுங்கள் என்று சங்கம் கேட்டது. மொத்தமாக எடுத்துத் தர ஒன்றரை லட்சம் ரூபாய் என்று பதில் வந்தது.

சங்கத்தின் செயலாளர் முப்பது வருஷம் ஸ்பின்னிங்கில் சைடராக வேலை செய்தவர். நேராக என் வீட்டுக்கு வந்தார்.

“ஏன் தம்பி, எழுதினது நாங்க. எழுதற கூலியும் நாங்கதான் குடுத்தோம். அதை எடுத்துக்கறதுக்கும் நாங்களே பணம் கட்டோணுமுங்களா?” என்றார்.

“கையிலே எதுவும் இல்லையாண்ணா? அச்சடிச்சு வெச்சிருக்கீங்களா?” என்றேன்.

“ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனியா ஒரு பக்கம் எடுக்கலாம். அதுவும் போட்டோ மாதிரிதான் வருது. கூட்டவும் முடியலே, கழிக்கவும் முடியலே.”

2016 முதல் சேர்ந்த வரவு செலவு ஒன்றேகால் லட்சம் வரிகளுக்கு மேல் இருக்கும். ஒருவர் உட்கார்ந்து நாளைக்கு ஆயிரம் வரி தட்டினாலும் நாலு மாதம் ஆகும். தட்டும்போது விழும் பிழைகள் வேறு. எங்களுக்கு இருந்ததோ மூன்று வாரம்.

முதலில் காகிதம், பிறகுதான் கம்ப்யூட்டர்

நான் உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவில்லை. மூன்று காகிதங்கள் கேட்டேன். கம்பெனியோடு செய்த ஒப்பந்தம் ஒன்று. இன்னாரைக் கொண்டு சங்கத்தின் கணக்கை எடுப்பது என்று நிர்வாகக் குழு நிறைவேற்றிய தீர்மானம் ஒன்று. “எங்கள் கணக்கை எங்கள் சொந்த பாஸ்வேர்டைக் கொண்டு நாங்களே எடுத்துக்கொள்ளப் போகிறோம், ஆட்சேபம் உண்டா?” என்று கம்பெனிக்கு எழுதும் கடிதமும் அதன் பதிலும் மூன்றாவது.

இந்தச் சடங்கெல்லாம் எதற்கு, கணக்கு நம்முடையதுதானே என்று சில தோழர்கள் நினைக்கலாம். சட்டம் அவ்வளவு நேராக இல்லை. நம் நாட்டில் 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? கம்ப்யூட்டருக்கு உடையவர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி அதிலிருந்து தகவலை எடுத்தால் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். அதையே நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 66-ஆவது பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கணக்கு நம்முடையதாக இருக்கலாம். கம்ப்யூட்டர் அவனுடையது. அந்த இடத்தில்தான் சிக்கல்.

அமெரிக்காவில் இப்படி ஒரு வழக்கு நடந்தது. பவர் வென்ச்சர்ஸ் என்று ஒரு சிறு கம்பெனி. பேஸ்புக்கில் கணக்கு வைத்திருந்தவர்கள் தாங்களே பாஸ்வேர்டைக் கொடுத்து, எங்கள் விவரங்களை எடுத்து ஓரிடத்தில் காட்டுங்கள் என்று அதனிடம் சொன்னார்கள். 2008 டிசம்பரில், நிறுத்து என்று பேஸ்புக் நோட்டீஸ் அனுப்பியது, வழியையும் அடைத்தது. பவர் வென்ச்சர்ஸ் வேறு வழியாக நுழைந்து தொடர்ந்தது. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பயனாளிகள் கொடுத்த அனுமதி தொடக்கத்தில் போதும் என்று அந்தக் கம்பெனி நம்பியிருக்கலாம், ஆனால் நோட்டீஸ் வந்த பிறகும் நுழைந்தது சட்ட விரோதம் என்றது. விவரத்துக்குச் சொந்தக்காரன் ‘எடு’ என்கிறான், வீட்டுக்காரன் ‘நுழையாதே’ என்கிறான். நடுவில் வேலை செய்தவன் மாட்டிக்கொண்டான். இந்த வழக்கைப் படித்ததிலிருந்து காகிதம் இல்லாமல் நான் கை வைப்பதில்லை.

எங்கள் விஷயத்தில் ஒப்பந்தத்தைப் புரட்டினோம். “தகவல் வாடிக்கையாளரின் சொத்து” என்று ஒரு வரி இருந்தது. எந்த வடிவத்தில், எத்தனை நாளில், என்ன விலைக்குத் திருப்பித் தருவது என்று ஒரு வரி கூட இல்லை. பெரிய எழுத்தில் சொத்துரிமை. கதவைத் திறப்பது பற்றி மௌனம்! ஆனால் கம்பெனியின் பதில் கடிதம் எங்களுக்குக் கை கொடுத்தது. “உங்கள் பாஸ்வேர்டில் திரையில் தெரிவதை நீங்கள் எடுத்துக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை. மொத்தமாக நாங்கள் தருவதற்குத்தான் கட்டணம்” என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரி போதும் என்றேன் செயலாளரிடம்.

பியூன் கொண்டு வரும் சீட்டு

திரையில் கணக்கு எப்படி வருகிறது? தாலுகா கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ஜன்னலில் நிற்கிறோம். ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். பியூன் அதை ரிகார்டு ரூமுக்குக் கொண்டு போகிறார். அங்கிருந்து தகவல் வருகிறது. அதைப் பார்வைக்கு நன்றாக ஒட்டி, கட்டம் போட்டு, வர்ணம் பூசி நமக்குக் காட்டுகிறார்கள். நம் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரவுசர்தான் பியூன். கம்பெனியின் சர்வர்தான் ரிகார்டு ரூம்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் உள்ள பெரும்பாலான பிரவுசர்களில் எஃப்12 என்ற பொத்தானை அமுக்கினால் ஒரு பலகை திறக்கும். அதில் ‘நெட்வொர்க்’ என்று ஒரு பகுதி உண்டு. பியூன் கொண்டு போகும் ஒவ்வொரு சீட்டும், கொண்டு வரும் ஒவ்வொரு பதிலும் அங்கே வரிசையாகத் தெரியும். நான் திறந்து பார்த்தேன். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: சங்க எண் இன்னது, உறுப்பினர் எண் 214, முதல் பக்கம், 25 வரிகள். பதிலில் வந்ததோ கட்டமும் வர்ணமும் இல்லாத சுத்தமான எழுத்து: தேதி இன்னது, வரவு 500, பற்று 0, நிலுவை இவ்வளவு. ஜேசான் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் அது என்ன தொகை என்று எழுதியிருக்கும். போட்டோ அல்ல, கூட்டலாம், கழிக்கலாம்.

அப்புறம் என்ன? அதே சீட்டை உறுப்பினர் எண்ணை மாற்றி மாற்றி, பக்கத்தை மாற்றி மாற்றி அனுப்ப ஒரு சிறு புரோகிராம் எழுதினேன். செயலாளர் தம் கையால் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனதும், சர்வர் ஒரு அடையாளச் சீட்டு தரும். மில் கேட்டில் காட்டும் பாஸ் மாதிரி. ஒவ்வொரு முறையும் அந்த பாஸையும் சேர்த்தே என் புரோகிராம் அனுப்பியது. ஆளுக்குச் சராசரி எட்டுப் பக்கம், 640 பேருக்கு 5,120 சீட்டுகள். ஒரு சீட்டுக்கும் அடுத்ததற்கும் இரண்டு விநாடி இடைவெளி விட்டேன். மூன்று மணி நேரத்துக்குள் முடிந்தது. இடைவெளி ஏன்? ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கில் சீட்டை வீசினால் அந்த சர்வர் திணறும். அதே சர்வரில் மற்ற சங்கங்களின் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் வேலையை நாம் கெடுக்கக் கூடாது. அதனால் இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சீட்டில் சங்க எண் 37 என்று இருந்தது. அதை 38 என்று மாற்றினால் பக்கத்துச் சங்கத்தின் கணக்கு வருமா? கூட இருந்த ஒரு இளைஞர் ஆவலோடு கேட்டார். வருமோ வராதோ, நான் மாற்றிப் பார்க்கவில்லை. நம் வீட்டுச் சாமானை எடுக்கப் போனவன் அடுத்த வீட்டுப் பூட்டை ஆட்டிப் பார்க்கலாமா? அந்தக் கணம் நம் நியாயம் போய்விடும். 43-ஆவது பிரிவும் வந்துவிடும்.

வந்தது எல்லாம் சரியா?

கணக்கு வந்துவிட்டது என்று அன்றிரவே சிலர் டீ வாங்கி வரக் கிளம்பினார்கள். பொறுங்கள் என்றேன். வந்ததை அப்படியே ஒரு பிரதி எடுத்து, தொடாமல் தனியே வைத்தோம். இன்னொரு பிரதியில்தான் வேலை. பின்னால் சந்தேகம் வந்தால் மூலத்தைப் பார்க்க வேண்டுமல்லவா? அட்டவணையாக மாற்றினோம். மாற்றியதும் ஒவ்வொன்றாகப் பூதம் கிளம்பியது.

முதல் பூதம், தேதி. ஏப்ரல் 1-ஆம் தேதி போட்ட வரவெல்லாம் மார்ச் 31 என்று வந்திருந்தது! ஏன்? அந்த சர்வர் கிரீன்விச் நேரத்தில் எழுதுகிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். இங்கே ஏப்ரல் 1 பிறக்கும் நள்ளிரவு, அங்கே மார்ச் 31 மாலை 6.30. திரையில் காட்டும்போது பிரவுசர் ஐந்தரை மணியைக் கூட்டிச் சரியாகக் காட்டிவிடும். நேரே எடுத்தால் நாம்தான் கூட்ட வேண்டும். ஒரு நாள் வித்தியாசம்தானே என்று விட்டிருந்தால், நிதியாண்டே மாறிப்போய் அத்தனை பேருக்கும் வட்டிக் கணக்கு பிசகியிருக்கும்.

இரண்டாவது பூதம், எக்செல். உறுப்பினர் எண் 00214 என்று இருந்தால், அது முன்னால் இருக்கும் சைபர்களைத் தின்றுவிட்டு 214 என்று எழுதிவிடும். தமிழ்ப் பெயர்கள் சில சமயம் பூச்சி பூச்சியாகத் தெரியும். எண்களை எழுத்தாகவே படி, தமிழை யூனிகோடாகப் படி என்று முன்னாலேயே சொல்லித் திறக்க வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் 00214-உம் 214-உம் வேறு வேறு ஆளாகப் பதிவானால் ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் ஏறும்.

மூன்றாவது, பத்திரங்கள். வாரிசு நியமனப் படிவமும் ஜாமீன் பத்திரமும் ஸ்கேன் செய்யப்பட்டுத் தனியே இருந்தன. பட்டியலில் வந்தது அவற்றுக்குப் போகும் வழி மட்டும்தான். அந்த வழியும் கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும். அவற்றை அப்போதைக்கப்போதே இறக்கி, உறுப்பினர் எண்ணையே பெயராக வைத்துச் சேமித்தோம்.

இத்தனையும் முடித்துவிட்டு, கடைசிச் சோதனை. சேமிப்புத் தொகை முழுவதையும் கூட்டி, தணிக்கையான ஐந்தொகையோடு ஒப்பிட்டோம். 4,12,600 ரூபாய் குறைந்தது.

இருபத்தெட்டுப் பேர்

செயலாளர் முகம் வெளுத்துவிட்டது. “தம்பி, நாலு லட்சம் எங்கே போச்சு? நாளைக்கு உறுப்பினர் மூஞ்சியிலே எப்படி முழிப்பேன்?” என்றார். கம்பெனிதான் எங்கோ தின்றுவிட்டது என்று கூட இருந்தவர்கள் கொதித்தார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும், ருசு இல்லாமல் யாரையும் குற்றம் சொல்லக் கூடாதே. மறுபடியும் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன்.

பிழை என்னுடையது. உறுப்பினர் பட்டியலைக் கேட்கும் சீட்டில் ஒரு மூலையில் ‘நிலை: நடப்பு’ என்று ஒரு சொல் இருந்தது. நான் அதைக் கவனிக்காமல் அப்படியே அனுப்பியிருக்கிறேன். திரையிலும் மேலே ஒரு சிறு கட்டம். அதிலும் ‘நடப்பு உறுப்பினர்’ என்றே எப்போதும் நிற்கும். அதை ‘அனைவரும்’ என்று மாற்றி அனுப்பினேன். 640 என்று இருந்த பட்டியல் 668 ஆயிற்று. இருபத்தெட்டுப் பேர் கூடுதல். ராஜிநாமா செய்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், இறந்துபோனவர்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய பணம் பட்டுவாடா ஆகாமல் சங்கத்திலேயே கிடந்தது. அவர்களைச் சேர்த்துக் கூட்டினோம். ஐந்தொகையோடு ஒரு பைசா வித்தியாசமில்லை.

பணம் எங்கும் போகவில்லை, தோழர்களே. பெயர்தான் திரையிலிருந்து மறைந்திருந்தது. அந்தக் கட்டத்தை மாற்றிப் பார்க்கத் தெரிந்த குமாஸ்தா ஓய்வு பெற்றுவிட்டார். பிறகு வந்தவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த இருபத்தெட்டில் ஒருவர் புளோ ரூமில் வேலை பார்த்தவர், 2019-ல் இறந்துபோனார். அவர் மனைவி கோன் வைண்டிங்கில் இருந்தவர். புருஷன் போட்ட பணம் ஏதாவது இருக்குமா என்று இரண்டு தரம் சங்கத்துக்கு வந்து கேட்டிருக்கிறார். குமாஸ்தா தேடிப் பார்த்துவிட்டு, “பேரே வரலீங்கம்மா” என்று அனுப்பியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, திரையில் வரவில்லை. ஆனால் கணக்கில் 21,350 ரூபாய் இருந்தது. அந்த அம்மாவின் பெயர் எழுதி, புருஷன் கையெழுத்துப் போட்ட நியமனப் படிவமும் இருந்தது.

செயலாளர் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு தாமே அந்த வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அந்த அம்மா காகிதத்தை வாங்கி, கையெழுத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “பேரே இல்லைன்னாங்களே, இப்ப எங்கிருந்துங்க வந்துச்சு?” என்றார். செயலாளரால் பதில் சொல்ல முடியவில்லை. “எங்க தப்புத்தான் கண்ணு, மன்னிச்சுக்கோ” என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்க்கிற வரைக்கும், ஜன்னல் எதைக் காட்டுகிறதோ அதுதான் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். புத்தகம் முழுவதும் நம் மேஜைக்கு வந்த பிறகுதான் விட்டுப்போனவர்கள் கண்ணில் பட்டார்கள்.

மற்ற நாடுகளில் என்ன நடக்கிறது?

இந்தப் பிரச்னை நம் ஊர்ச் சங்கத்தோடு முடிகிறதா? இல்லை. மைஸ்பேஸ் என்று ஒரு பெரிய இணையதளம். லட்சக்கணக்கான பாட்டுக்காரர்கள் தங்கள் பாட்டை அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். சர்வர் மாற்றும்போது, 2016-க்கு முன்னால் ஏற்றியவை போய்விட்டன என்று 2019-ல் அது தெரிவித்தது. தன்னிடம் ஒரு பிரதி வைத்திருந்தவன் பிழைத்தான். வைத்திராதவனுக்குப் போனது போனதுதான்.

ஐரோப்பாவில் சட்டம் வந்திருக்கிறது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, ஒருவர் தாம் கொடுத்த சொந்தத் தகவலை யந்திரம் படிக்கும் வடிவத்தில் திருப்பிக் கேட்கலாம். வேறு கம்பெனிக்கும் கொண்டு போகலாம். அது தனி மனிதருக்கு. சங்கமும் கடையும் போன்ற வாடிக்கையாளருக்காக இன்னொரு சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் அமலுக்கு வந்தது. வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்கு மாறுவதைத் தடுக்கக் கூடாது என்கிறது அது. மாறுவதற்குக் கட்டணம் வாங்கும் பழக்கத்துக்கு 2027 ஜனவரி 12-ஐக் கெடுவாக வைத்திருக்கிறது.

தொழிலாளிகளும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஊபர், ஓலா கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டியவர்கள், எங்களைப் பற்றி உங்கள் சர்வரில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எத்தனை மணி நேரம் ஓட்டினோம், எந்தக் கணக்கில் கூலி போட்டீர்கள், எந்தக் காரணத்துக்காகச் சிலரை நிறுத்தினீர்கள்? கம்பெனிகள் முழுதாகத் தர மறுத்தன. வழக்கு ஆம்ஸ்டர்டாமுக்குப் போயிற்று. 2023 ஏப்ரலில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. யந்திரம் தானாக எடுத்த முடிவு என்று சொல்லித் தப்ப முடியாது, விளக்கம் தர வேண்டும் என்றது. கையில் கணக்கு இருந்தால்தான் கூலி குறைந்தது என்று காட்ட முடியும்.

நம் நாட்டில்? 2018-ல் தயாரான நகலிலும் 2019-ல் பார்லிமெண்டுக்கு வந்த மசோதாவிலும் தகவலைக் கொண்டுசெல்லும் உரிமை இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அந்த உரிமை இல்லை. ஆனால் இது நமக்கு முடியாத காரியமா? 2011 ஜனவரி 20-ஆம் தேதி நாடு முழுவதும் ஒரு ஏற்பாடு வந்தது ஞாபகமிருக்கிறதா? செல்போன் கம்பெனியை மாற்றலாம், நம்பர் மாறாது! அதற்கு முன்னால் நம்பர் போய்விடுமே என்று பயந்து எத்தனை பேர் பிடிக்காத கம்பெனியிலேயே கிடந்தோம்? நம்பருக்குச் செய்ய முடிந்ததைக் கணக்குக்கும் செய்ய முடியும். சட்டம் வர வேண்டும், கேட்டால்தான் வரும்.

நாம் செய்ய வேண்டியது

சட்டம் வரும் வரை கை கட்டி இருக்கலாமா? உங்கள் சிக்கன சங்கமோ, பால் சங்கமோ, தாய்மார்களின் சுய உதவிக் குழுவோ நாளைக்கு ஒரு கம்பெனியிடம் கணக்கை ஒப்படைக்கும்போது, கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று, எங்கள் கணக்கு முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் நாங்களே எடுக்கலாமா? இரண்டு, படமாகத் தருவீர்களா, கூட்டிக் கழிக்கக்கூடிய அட்டவணையாகத் தருவீர்களா? மூன்று, முடிந்துபோன கணக்கும் ஸ்கேன் பத்திரமும் அதில் சேருமா? நான்கு, ஒப்பந்தம் முடிந்த பிறகு எத்தனை நாள் கதவு திறந்திருக்கும்? ஐந்து, அதற்குக் கட்டணம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு? பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். பிறகு ஒப்பந்தம் போட்ட முதல் மாதத்திலேயே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். வருஷா வருஷம் மார்ச் 31 கணக்கு முடிந்ததும் எடுத்து, ஐந்தொகையோடு ஒப்பிட்டு, இரண்டு இடத்தில் வையுங்கள்.

வைக்கும்போது ஜாக்கிரதை வேண்டும். அதில் ஆதார் எண் இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது, யார் எவ்வளவு கடன்பட்டவர் என்பதும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் சரக்கல்ல அது. நான் வேலை முடிந்ததும் சங்கத்திடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, என் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியைச் செயலாளர் கண் முன்னாலேயே அழித்தேன். கம்பெனியிடமிருந்து கணக்கை மீட்டு இன்னொருவன் பையில் போடுவதற்கா இத்தனை பாடு?

உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வைக்கிறேன். பி.எப். பிடிக்கிறவர்கள் உங்கள் யு.ஏ.என். நம்பரைக் கொண்டு பாஸ்புக்கை இறக்கி, சம்பளச் சீட்டோடு மாதா மாதம் ஒப்பிட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள். வாசகசாலைக்கு வந்தாலும் சொல்லித் தருகிறோம்.

சங்கத்தின் கணக்கு மார்ச் 27-ஆம் தேதி புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் எழுத்தில் வாங்கியிருக்கிறோம். மீதி இருபத்தேழு பேரின் பட்டியலைச் செயலாளர் மில் கேட்டில் ஒட்டியிருக்கிறார். சிலர் ஊரை விட்டே போய்விட்டார்கள், தேடிக்கொண்டிருக்கிறார். உங்களில் யாருக்காவது தெரிந்தவர் பெயர் அதில் இருந்தால் தயவுசெய்து தகவல் சொல்லுங்கள். அவர்களுக்கும் பணம் காத்திருக்கிறது.